எழும்பாத தட்டு

பறக்கும் தட்டில் வேற்றுக்கிரகவாசி வந்தார் என்று யாராவது பேச்செடுத்தால், நான் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வேன். "அதெல்லாம் வேற்றுக்கிரகத்துச் சாமான் இல்லை. அமெரிக்க இராணுவம் இரகசியமாகச் செய்த தட்டு" என்று சொல்லிவிட்டு, தேநீரை ஒரு மிடறு குடித்தபடி மற்றவர்களின் முகத்தைப் பார்ப்பேன். இந்த ஒரு வசனத்தை வைத்தே பல ஆண்டுகளாகக் கலியாண வீடுகளிலும் பிறந்தநாள் கொண்டாட்டங்களிலும் அறிவாளியாக நடமாடியிருக்கிறேன்.

இந்த விளக்கத்தில் ஒரு வசதி உண்டு. வேற்றுக்கிரகவாசியை நம்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கம். வானத்தில் ஒன்றுமில்லை, நீர் பார்த்தது வெள்ளிக் கோள்தான் என்று சொல்லிச் சபையைக் கலைக்கவும் மனமில்லை. இரகசிய இராணுவத் தட்டு என்றால் இரண்டு பக்கமும் தப்பலாம்: தட்டும் மிஞ்சும், மானமும் மிஞ்சும். உள்விஷயம் தெரிந்தவன் என்ற பெயர் வேறு. எனக்குத் தெரிந்த உள்விஷயமெல்லாம் நூலகத்தில் இரவல் எடுத்த புத்தகங்களும், மனைவி நித்திரையான பிறகு பார்த்த காணொளிகளும்தான்.

கையில் ஒரு துருப்புச் சீட்டும் இருந்தது. நான் குடியிருப்பது ஒன்ராறியோவில், மால்டனுக்குப் பக்கத்தில். இன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையம் இருக்கும் அந்தப் பகுதியில்தான் அவ்ரோ கனடா நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1950களில் ஜோன் ஃப்ரொஸ்ட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் மெய்யாகவே வட்டத் தட்டு வடிவில் ஒரு விமானம் செய்தார். அவ்ரோகார் என்று பெயர். பணம் கொடுத்தவை அமெரிக்க இராணுவமும் விமானப்படையும். "எங்கட ஊரிலதான் செய்தவங்கள்" என்று நான் சொல்லும்போது, அதற்கு ஆணி அடித்ததில் எனக்கும் பங்கு உண்டு என்ற தோரணை குரலில் தானாக வந்துவிடும்.

2012இல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 'திட்டம் 1794' என்ற கோப்புகளை வெளியே விட்டது. அதே ஃப்ரொஸ்ட் குழு அமெரிக்க விமானப்படைக்காக வரைந்த பெரிய தட்டின் கணக்கு அதில் இருந்தது. செங்குத்தாக எழும்பும், ஒலியைப் போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் போகும், ஒரு லட்சம் அடி உயரத்தைத் தொடும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு நிலை கொள்ளவில்லை. கோப்பை அந்த இடத்தோடு மூடிவிட்டேன். எதையும் எனக்குச் சாதகமான பக்கம் வரைக்கும் மட்டும் வாசிப்பது என்னுடைய பழைய குணம்.

மூடிய கோப்பைத் திறந்தது என் மகள். அவள் பத்தாம் வகுப்பு. பாடசாலையில் கனடிய வரலாறு கட்டாயப் பாடம். அதிலிருந்து அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றியிருக்கிறது: எதைச் சொன்னாலும் "எந்த வருஷம் அப்பா?" என்பாள்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் கென்னத் ஆர்னல்ட் கதையைத் தொடங்கினேன். பறக்கும் தட்டுக் கதைகளுக்கெல்லாம் பிள்ளையார் சுழி அவர்தான். 1947 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைப் பக்கம் தன் சிறு விமானத்தை ஓட்டிப் போனபோது, ஒன்பது பொருட்கள் பளபளவென்று வரிசையாகப் போவதைக் கண்டார். மணிக்கு 1,200 மைலுக்கு மேல் என்று வேகத்தைக் கணித்தார். இராணுவத்தின் புது ரக ஜெட் விமானங்களாக இருக்கலாம் என்றுதான் அவருக்கே முதலில் தோன்றியது. "ஃப்ரொஸ்ட் செய்த தட்டைத்தான் ஆர்னல்ட் கண்டிருப்பார்" என்று நான் சோற்றைப் பிசைந்தபடி முடித்தேன்.

மகள் கைபேசியில் எதையோ தட்டினாள். "அப்பா, ஃப்ரொஸ்ட் அவ்ரோவில சேர்ந்ததே 1947 ஜூன். வேலைக்கு வந்த மாசமே ஒன்பது தட்டுச் செய்து, அனுப்பியும் முடிச்சிட்டாரோ?"

வட்ட வடிவ யோசனை அவருக்கு வந்தது இன்னும் ஐந்தாண்டு கழித்து, 1952 வாக்கில். எனக்கு அது தெரியாதது அல்ல. இரண்டு ஆண்டுகளையும் என் மண்டையில் தனித்தனி அறைகளில் வைத்திருந்தேன்; ஒன்றை ஒன்று பார்க்க விட்டதில்லை.

"அப்ப ஜெர்மன்காரன்" என்று தாவினேன். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் தட்டு செய்தார்கள் என்ற கதை நெடுநாளாக உலவுகிறது. "அது எந்த வருஷம்?" என்றாள். அந்தக் கதை பத்திரிகைகளில் கிளம்பியது 1950இல். போர் முடிந்து ஐந்தாண்டு கழிந்து, ஆர்னல்டின் செய்தி உலகம் சுற்றி வந்த பிறகுதான் ஓர் இத்தாலியரும் ஒரு ஜெர்மானியரும் "அது நாங்கள் வரைந்தது" என்று கை தூக்கினார்கள். பறந்த தட்டு ஒன்றுக்காவது ஆதாரம் கிடைத்ததில்லை. நான் மோர் ஊற்றிச் சாப்பிடத் தொடங்கினேன்.

என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று எண்ணியிருந்த விளக்கமும் என்னுடையது அல்ல என்பது பிறகு தெரிந்தது. 1947 ஆகஸ்டில் கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்கர்களிடம் பறக்கும் தட்டு என்ன என்று கேட்டபோதே, 15 விழுக்காட்டினர் அது அமெரிக்காவின் இரகசிய ஆயுதம் என்று சொல்லியிருந்தார்கள். நான் பிறக்க முன்னரே அயோவாவில் ஒரு சோள விவசாயி என் வசனத்தைப் பேசி முடித்திருப்பார்.

ஆண்டுக் கணக்கில் தோற்றாலும் தட்டு மெய்தானே, அதைக் கண்ணால் காட்டினால் வீட்டில் மரியாதை திரும்பும் என்று எண்ணி, குடும்பத்தோடு ஒஹாயோ மாநிலத்து டேட்டனுக்குப் புறப்பட்டேன். அங்கேதான் அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. மனைவியிடம் "அமெரிக்கச் சுற்றுலா" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அனுமதி இலவசம் என்பதை மூன்று தரம் சொன்னேன். விண்சர் எல்லையைக் கடந்து டிட்ராயிட் வழியாகத் தெற்கே இறங்க, போகும் நேரம் மட்டும் ஏழு மணித்தியாலம்.

அவ்ரோகார் இருந்த மண்டபத்தில், ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் பறந்த எக்ஸ்பி-70 வல்கிரி என்ற வெள்ளை இராட்சதன் நிற்கிறது. அதைத் தாண்டித் தேடித்தான் என் தட்டைக் கண்டுபிடித்தேன். குறுக்களவு 18 அடி. இருவர் உட்கார இரண்டு குழிகள். நடுவில் ஒரு பெரிய ஓட்டை.

"இஞ்சருங்கோ, இதுக்குத்தானோ விடியக்காலமை நாலு மணிக்கு எழுப்பினனீங்கள்?" என்றாள் மனைவி.

நான் விளக்கத் தொடங்கினேன். அந்த ஓட்டைக்குள் இருப்பது ஒரு பெரிய விசிறி. மூன்று ஜெட் எஞ்சின்களின் புகை, விசிறியின் ஓரத்து இறகுகளில் மோதி அதைச் சுழற்றும். விசிறி மேலிருந்து இழுக்கும் காற்றைத் தட்டின் விளிம்பு முழுக்கக் கொண்டுபோய்க் கீழ்நோக்கி விட்டால், தரைக்கும் தட்டுக்கும் நடுவில் காற்று மெத்தை ஒன்று உண்டாகும். அந்த மெத்தையில் எழும்பி, பிறகு காற்றைப் பின்னோக்கித் திருப்பி, வானத்தில் ஏறிப் பறப்பதாக ஏற்பாடு. இராணுவம் இதைப் பறக்கும் ஜீப்பாக நினைத்தது. மணிக்கு 480 கிலோமீற்றர் போகும், 10,000 அடி ஏறும் என்பது திட்டம்.

"ஏறினதோ?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். 1959 நவம்பர் 12 அன்று, கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்துவிட்டு முதல்முறையாகச் சுயமாக எழுப்பினார்கள். எழும்பியது. ஆனால் மூன்றடி உயரத்தைத் தாண்டினால் அடியில் இருந்த காற்று மெத்தை குலைந்துவிடும். கை தவறி விழுந்த சட்டி மூடி சிமெந்துத் தரையில் சுற்றிச் சுற்றித் தாளம் போடுமே, அப்படித் தட்டு ஆடத் தொடங்கிவிடும். எட்டிய உச்ச வேகம் மணிக்கு 56 கிலோமீற்றர் அளவில். விமானி உட்காரும் குழியில் எஞ்சின் வெக்கை தாங்க முடியவில்லை. என்னென்னவோ மாற்றிப் பார்த்தும் ஆட்டம் நிற்காமல் போக, 1961 டிசம்பரில் திட்டத்தை மூடினார்கள்.

"அப்ப பறக்கேல்லை."

"பறந்தது. மூன்றடி."

"மூண்டடி நானும் பாய்வன்" என்றாள்.

இரகசியமும் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. மால்டனில் தட்டுச் செய்கிறார்கள் என்று 1953இலேயே ரொறன்ரோப் பத்திரிகையில் வந்துவிட்டது. 1955இல் அமெரிக்க விமானப்படைச் செயலாளர் டொனால்ட் குவார்ல்ஸ், வழமையான வடிவில் இல்லாத விமானங்கள் இனி வரப்போகின்றன என்று சொன்னபோது, அவ்ரோவுடனான ஒப்பந்தத்தையும் பகிரங்கமாகவே குறிப்பிட்டார்.

திரும்பி வந்ததும் நான் பேசாமல் இருந்திருக்கலாம். காற்று மெத்தைத் தத்துவமாவது சரி என்று காட்டிவிட வேண்டும் என்ற ரோசம் விடவில்லை. பெறாமகனின் பிறந்தநாளன்று, நுரைப்பஞ்சுத் தட்டு ஒன்றின் நடுவில் ஓட்டை போட்டு, அதில் தலைமயிர் உலர்த்தும் கருவியைச் செருகி, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தேன். கருவியின் பாரம் எவ்வளவு என்று யோசிக்க மறந்துபோனேன். தட்டு மூன்றடி அல்ல, மூன்று மயிரிழைகூட எழும்பவில்லை. வெக்கையில் ஓட்டையின் விளிம்பு உருகி மணந்தது. கேக்கில் இருந்த மெழுகுதிரிகள் மட்டும், பிள்ளை ஊத முன்னரே, ஒன்று விடாமல் அணைந்தன.

மனம் தளரவில்லை. தட்டு போனாலும் இரகசியம் இருக்கிறதே என்று அடுத்த கிளையைப் பிடித்தேன். அது யூ-2 வேவு விமானம்.

இந்தக் கிளை கொஞ்சம் பலமானதுதான். 1955 ஆகஸ்டில் நெவாடாவின் குரூம் ஏரிப் பக்கம், பின்னாளில் ஏரியா 51 என்று பெயரெடுத்த இடத்தில், யூ-2 முதன்முதலாகப் பறந்தது. அக்காலப் பயணிகள் விமானங்கள் 10,000 அடிக்கும் 20,000 அடிக்கும் இடையில் போய்க்கொண்டிருக்க, இது 60,000 அடிக்கு மேலே போனது. முதலில் வந்தவற்றுக்குச் சாயம் பூசவில்லை, வெள்ளிநிற உடம்பு. கீழே சூரியன் மறைந்து இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் அடிக்கும். கீழே போகும் விமானி நிமிர்ந்து பார்த்தால், எந்த விமானமும் போக முடியாது என்று அவருக்குத் தெரிந்த உயரத்தில் ஏதோ தீப்பிழம்பு நகரும். அவர் முறையிடுவார். இப்படியான முறைப்பாடுகளை விசாரித்த விமானப்படையின் 'புளூ புக்' அலுவலகம் யூ-2 ஆட்களிடம் இரகசியமாக விசாரித்து அறிந்துகொள்ளும். ஆனால் முறையிட்டவரிடம் உண்மையைச் சொல்ல முடியாது. வானிலை, மேகம் என்று எதையாவது சொல்லி அனுப்பும். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் யூ-2 போன்ற வேவு விமானங்களால் வந்தவையே என்று வரலாற்றாய்வாளர் ஜெரால்ட் ஹெய்ன்ஸ் சிஐஏயின் ஆய்விதழில் 1997இல் எழுதினார். 2014இல் சிஐஏ, அது நாங்கள்தான் என்ற பொருளில் ட்விட்டரில் கேலியாகவும் போட்டது.

இதை மகளிடம் வெற்றியோடு சொன்னேன். இந்த முறை ஆண்டும் கையோடு கொண்டு போயிருந்தேன்.

"முறைப்பாடு ஆகக் கூட வந்தது எந்த வருஷம் அப்பா?"

1952. அந்த ஓராண்டில் மட்டும் 1,501. வாஷிங்டன் நகரத்து ரேடார்களில் இனந்தெரியாத புள்ளிகள் ஓடி, அமெரிக்காவே அல்லோலகல்லோலப்பட்ட கோடைகாலம் அது. யூ-2 பிறக்க இன்னும் மூன்று ஆண்டு இருந்தது. புளூ புக் 1969இல் கடையை மூடியபோது கணக்கில் இருந்த மொத்தச் சம்பவங்கள் 12,618. விளக்கம் கிடைக்காதவை 701. இதில் யூ-2வின் பங்கு உண்டுதான். ஆனால் பாதி என்ற கணக்கை அப்படியே விழுங்கியது நான் மட்டுமல்ல என்பதுதான் ஆறுதல். வேவுத்துறை ஒரு பெருமையைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டால், சந்தேகப்பட வேண்டியவர்கள்கூடக் கைதட்டிவிடுகிறார்கள்.

அது மட்டுமா, யூ-2 தட்டே இல்லை. நீண்டு மெலிந்த சிறகுகள் கொண்ட விமானம். 1947இல் அமெரிக்காவின் ரோஸ்வெல் ஊர்ப் பக்கம் விழுந்த பொருளும் தட்டு இல்லை. இராணுவமே அன்று அதைப் பறக்கும் தட்டு என்று அறிவித்து, சில மணித்தியாலத்துக்குள்ளேயே வானிலைப் பலூன் என்று மாற்றிச் சொன்னது. கடைசியில், சோவியத் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க விட்ட 'மோகுல்' திட்டத்துப் பலூன் தொடர்தான் அது என்று விமானப்படை 1994இல் ஒப்புக்கொண்டது. எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தபோது என் கையில் மிஞ்சியது இவ்வளவுதான்: இரகசியமாய் இருந்தது எதுவும் தட்டில்லை, தட்டாய் இருந்தது பறக்கவில்லை. இந்த இரண்டையும் ஒட்டி 'பறக்கும் இரகசியத் தட்டு' என்று ஒன்றைச் செய்தது ஃப்ரொஸ்ட் அல்ல, நான்.

இராணுவம் எதை நம்பி ஒளித்தது என்பதற்கு ஒரு பழைய கதை சொல்வார்கள். 1942இல் அமெரிக்காவின் முதல் ஜெட் விமானமான எக்ஸ்பி-59ஐக் கலிபோர்னியப் பாலைவனத்தில் சோதித்தார்கள். தரையில் நிற்கும்போது யாரும் கண்டுபிடிக்காமல் இருக்க, மூக்கில் பொய்க்கு ஒரு மரச்சுழலி மாட்டி வைப்பார்கள். வானத்தில் அது முடியாதே? சோதனை விமானி ஜாக் வூலம்ஸ் கொரில்லா முகமூடியும் வட்டத் தொப்பியும் அணிந்து, சுருட்டை ஆட்டிக்கொண்டு பறந்தாராம். பக்கத்தில் வந்து பார்த்த விமானி கீழே இறங்கி, சுழலி இல்லாத விமானத்தைக் கொரில்லா ஓட்டுகிறது என்று யாரிடம் சொல்வார்? அந்த முகமூடிச் செலவு என் விஷயத்தில் வீண். நான் ஒழுங்கான சாட்சி சொன்னாலே வீட்டில் யாரும் நம்புவதில்லை.

நம்பாததற்கு அவர்களிடம் காரணமும் இருக்கிறது. எங்கள் வீடு பியர்சனில் இறங்கும் விமானங்களின் பாதைக்குக் கீழே. நேரே நம்மை நோக்கி வரும் விமானத்தின் முன்விளக்கு நெடுநேரம் அசையாமல் அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரியும் என்பதைப் பலருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு மாலை கொல்லைப்புறத்தில் அப்படி ஒரு வெளிச்சம் நின்றது. படித்த பாடமெல்லாம் ஆவியாகிவிட்டது. கைபேசியைப் பிடித்துக்கொண்டு, வேலிக்கு அப்பால் இருந்த பஞ்சாபிப் பெரியவரையும் கூவி அழைத்தேன். அவர் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "டெல்லி பிளைட். இன்றைக்குப் பிந்திவிட்டது" என்று சொல்லித் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போனார். நான் எடுத்த காணொளியில் தெளிவாகக் கேட்பது என் மூச்சிரைப்பு மட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், எங்கள் பகுதித் தமிழ் முதியோர் சங்கத்தில் ஏதாவது பேசுங்கள் என்று கேட்டபோது "பறக்கும் தட்டும் இராணுவ இரகசியமும்" என்று தலைப்புக் கொடுத்தேன். பழக்கம் யாரை விட்டது. படம் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. வெறும் வாயால் பேசினேன். சபையைப் பிடிக்க ஒரு கேள்வியோடு தொடங்குவது என் உத்தி.

"இரவில் வானத்தில் இனந்தெரியாத வெளிச்சம் ஒன்றைக் காண்கிறீர்கள். முதலில் என்ன நினைப்பீர்கள்?"

வேற்றுக்கிரகவாசி என்று யாராவது சொல்வார்கள், அந்த இடத்தில் வெட்டிப் பேசலாம் என்று காத்திருந்தேன். வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்கள்: "ஆமி."

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா எனக்காக இரக்கப்பட்டு விரித்துச் சொன்னார். "தம்பி, வெளிச்சம் எண்டால் பரா லைற். சத்தத்தோட வந்தால் கிபிர் பிளேன். வன்னியில இருந்த ஆக்களைக் கேளும், மேல நிண்டு சுத்துற வேவு விமானத்துக்கு வண்டு எண்டு பேர். அது வந்து போனால் பின்னால என்ன வரும் எண்டு சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். மேல பறக்கிறது ஆமிக்காரன்ர சாமான் எண்டு சொல்லித் தர எங்களுக்கு ஆள் தேவையோ?"

நான் பதின்வயதில், 1984இல், இலங்கையிலிருந்து கனடாவுக்கு வந்துவிட்டவன். வானத்தில் தொங்கும் பரா லைற் வெளிச்சத்தை நான் கண்டதில்லை. பதுங்குகுழிக்குள் படுத்தபடி, சத்தத்தை வைத்தே இன்ன விமானம், இன்ன திசை என்று பிரித்தறியப் பழகியவர்களுக்கு முன்னால், நூலகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு 'அது இராணுவமாகவும் இருக்கலாம்' என்று துப்புக் கொடுக்கப் போயிருந்தேன். என்னுடைய முடிவுரை அவர்களுக்குப் பாலர் வகுப்பு.

மிச்சப் பேச்சைச் சுருக்கிக்கொண்டு, அவ்ரோகாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி இறங்கப் பார்த்தேன். தபாலதிபர் ஐயா விடவில்லை.

"எவ்வளவு உயரம் எழும்பினது எண்டு சொன்னனீர்?"

"மூன்றடி, ஐயா."

"அதுக்கு மேல?"

"ஆடும். எழும்பாது."

"குண்டு?"

"ஒன்றும் போட்டதில்லை."

பின்வரிசையில் காது மந்தமான ஓர் அம்மா என்ன என்று கேட்க, பக்கத்தில் இருந்தவர் அவர் காதுக்குள் உரக்கச் சொன்னார். அவர் சிரிக்கத் தொடங்க, மண்டபம் முழுக்கச் சிரித்தது. என் பேச்சுக்கு யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆமிக்காரனின் விமானம், மூன்றடிக்கு மேல் எழும்பாது என்பதைத் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

அடுத்த மாதமும் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசுவதற்கு அல்ல, டேட்டனுக்கு வான் ஓட்ட. எழும்பமாட்டாத அந்தச் சாமானை ஒருக்காலாவது நேரில் பார்க்கவேண்டும் என்று ஒரு வான் நிறைய ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். கடவுச்சீட்டு, பயணக் காப்புறுதி, மருந்துப் பெட்டி எல்லாம் ஆயத்தம். இந்த முறை அதிகாலை நாலு மணிக்கு எழும்பச் சொல்லி என்னைத்தான் எச்சரித்திருக்கிறார்கள். தபாலதிபர் ஐயா ஒரேயொரு நிபந்தனை போட்டிருக்கிறார்: வழி நெடுக நான் விளக்கம் சொல்லக் கூடாது.